கூரியர் கேட்கும் 2 சதவீதம்: கட்டலாமா, வேண்டாமா?

கேள்வி, 2025 ஜூன் 8

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையம் வழியாக விற்கிறேன். ஒரு சேலை 900 ரூபாய். மாதம் ஏறத்தாழ 200 பார்சல்கள் போகின்றன. சரக்கின் மதிப்பில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்டினால், பார்சல் தொலைந்தாலும் சேதமடைந்தாலும் பணம் கிடைக்கும் என்று கூரியர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இங்கே யாராவது கட்டுகிறீர்களா? கட்டியவர்களுக்கு உண்மையில் பணம் வந்ததா?

பதில், ஜூன் 8, இரவு

கட்ட வேண்டாம். 900 ரூபாய்க்கு 2 சதவீதம் 18 ரூபாய்; 200 பார்சலுக்கு மாதம் 3,600 ரூபாய். மாதந்தோறும் நான்கு சேலைகள் அடியோடு தொலைந்தால்தான் நீங்கள் கட்டியது திரும்பும். சேலை உடையாது, உள்ளே ஒரு நெகிழி உறை போட்டால் எளிதில் நனையவும் செய்யாது.

நான் தஞ்சாவூரிலிருந்து தலையாட்டிப் பொம்மைகளும், என் கொழுந்தனார் பட்டறையில் செய்யும் வீணைகளும் தம்புராக்களும் விற்கிறேன். பொம்மைகளுக்கு ஆறு ஆண்டுகளாக ஒரு ரூபாய்கூடக் காப்பீடு கட்டியதில்லை. ஒவ்வொரு பார்சலுக்கும் 5 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வருகிறேன். உடைந்தது என்று படம் வந்தால் அதிலிருந்து மாற்றுப் பொம்மை அனுப்பிவிடுவேன். அந்தக் கணக்கு இதுவரை வற்றியதில்லை. கூரியர் காப்பீடு பொதுவாக நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையற்றது.

ஜூன் 9, விடியற்காலை

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். பொம்மையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்; வீணையை நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

2021இல் புனேக்கு அனுப்பிய 38,000 ரூபாய் வீணை ஒன்று, குடத்தில் விரல் நீளத்துக்கு விரிசலோடு போய்ச் சேர்ந்தது. பண்ருட்டிப் பலாமரத்தில் கடைந்த குடம். விரிசல் விட்டால் ஒட்டலாம், ஆனால் நாதம் பழையபடி வராது. வாங்கியவருக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தேன். கூரியர் அலுவலகத்தில் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் ரசீதை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அதில் ‘ஓனர் ரிஸ்க்’, ‘கேரியர் ரிஸ்க்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. என்னைக் கேட்காமலே முதலாவதில் டிக் போடப்பட்டிருந்தது; கீழே என் கையெழுத்து இருந்தது.

ஜூன் 9, மாலை

அந்த இரண்டு கட்டங்களின் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஓனர் ரிஸ்க்’ என்றால் இழப்பின் பெரும்பகுதி அனுப்புபவர் தலையில்; ‘கேரியர் ரிஸ்க்’ என்றால் கூரியரின் பொறுப்பில்.

சாலை வழியாகச் சரக்கு ஏற்றுபவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2011 மார்ச் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது; வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் இது பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. சரக்கின் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தை நாம் செலுத்தாவிட்டால், இழப்புக்கு அவர்கள் தர வேண்டிய தொகை, செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கு என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். புனே வீணைக்கு நான் கட்டியது 1,150 ரூபாய்; ஆகவே என் உச்ச வரம்பு 11,500 ரூபாய். மீதி 26,500 ரூபாய் அந்தக் கட்டத்தில் விழுந்த டிக்கோடு போயிற்று. நீங்கள் சொல்லும் 2 சதவீதம் இந்தக் கூடுதல் கட்டணமே. ரசீதில் அதை எஃப்.ஓ.வி. (ஃபிரைட் ஆன் வேல்யூ, அதாவது மதிப்பின் மீதான கட்டணம்) என்று எழுதுவார்கள்.

அந்த 11,500 ரூபாயும் தானாக வரவில்லை. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் பின்னர் வழக்குத் தொடுக்க முடியும். தொலைபேசியில் பேசியதும் வாடிக்கையாளர் சேவைச் செயலியில் புகார் போட்டதும் அறிவிப்பாகாது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். நான்கு மாதங்களில் பணம் வந்தது.

வான்வழி போன பார்சலுக்கு வேறு சட்டம், வேறு கணக்கு. பெங்களூருக்கு மேல் தொலைவில் உள்ள ஊர்களுக்கு அனுப்பும்போது, சாலையா விமானமா என்று கேட்டு ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

ஜூன் 11

படிக்காமல் போட்ட கையெழுத்து செல்லாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், ஒரு கூரியர் ரசீதில் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருந்ததையும், அதன்கீழ் அனுப்பியவர் கையெழுத்திட்டிருந்ததையும் வைத்து, அந்த வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய தீர்ப்புதான்; எனினும் ரசீதின் பின்பக்கத்தை நான் இப்போது வரிவரியாகப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூன் 15

காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேக்கிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. இழப்பீட்டுக் கோரிக்கை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

புனே இழப்புக்குப் பிறகு, கூரியரின் 2 சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் உள்நாட்டுப் போக்குவரத்துக்கான ஓப்பன் பாலிசி (ஆண்டு முழுவதும் அனுப்பும் சரக்குகளுக்குச் சேர்த்து ஒரே பாலிசி) எடுத்தேன். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு, 18 சதவீத வரியுடன் 4,720 ரூபாய். வீணை, தம்புரா ஆகியவற்றை மட்டும் அதில் சேர்த்தேன். ஒவ்வொரு மாத முடிவிலும் எத்தனை அனுப்பினேன், எந்த மதிப்புக்கு, எந்த ரசீது எண்ணில் என்று பட்டியல் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு இழப்பிலும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. இத்தகைய பாலிசிகளில் ஏ, பி, சி என்று மூன்று வகை நிபந்தனைகள் உண்டு. பி, சி ஆகியவை அவற்றில் எழுதியிருக்கும் ஆபத்துகளுக்கு மட்டுமே; ஏ வகை, விலக்கு என்று சொன்னவை தவிர மற்ற அனைத்துக்கும். ஏ வகையை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். விலக்குகளின் பட்டியலில் ‘போதுமான அல்லது பொருத்தமான பேக்கிங் இல்லாமை’ என்று ஒரு வரி இருந்ததை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

2023இல் ஒரு தம்புராவின் கழுத்து முறிந்தது. காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்ட முதல் கேள்வி, வெளிப்பெட்டியில் அடிபட்ட அடையாளம் எங்கே என்பது. பெட்டி முழுதாக இருந்து உள்ளே இருப்பது மட்டும் முறிந்திருந்தால், பொருள் பெட்டிக்குள் ஆடியிருக்கிறது, ஆகவே கட்டியது சரியில்லை என்று பொருளாகிவிடும் என்றார். அது நியாயமான கேள்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் தம்புராவைப் பழைய போர்வையில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். குடத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வெறுமையாக இருந்தது. கோரிக்கையில் பாதித் தொகைதான் வந்தது.

இப்போது வீணையின் தந்திகளைத் தளர்த்திவிடுகிறோம். குதிரையைக் கழற்றித் தனியே சுற்றுகிறோம். சுரைக்காய்க் குடுக்கையைத் திருகிக் கழற்றித் தனி அட்டைப் பெட்டியில் வைக்கிறோம். யாளி முகத்துக்கு மேல் மெத்தென்று ஒரு தொப்பி. குடத்தின் வடிவத்துக்கு வெட்டிய தெர்மகோல் துண்டுகளில் வீணை அசையாமல் அமர்கிறது. அதற்கு வெளியே ஒட்டுப்பலகைப் பெட்டி. மூடுவதற்கு முன் பெட்டியைக் கையால் உலுக்கிக் காட்டி, வெட்டில்லாமல் ஒரே காணொளியாக, ரசீது ஒட்டும் வரை எடுக்கிறோம். ‘உடையும் பொருள், கவனம்’ என்று ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் லாரியில் மேலே இருபது மூட்டை ஏறும்போது அதை யாரும் படிப்பதில்லை.

வாங்குபவருக்கும் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்புகிறேன்: பெட்டியில் ஓட்டையோ நசுங்கலோ இருந்தால், டெலிவரி ரசீதில் ‘பெட்டி சேதத்துடன் பெற்றேன்’ என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் கையெழுத்திட்டுவிட்டால், சரக்கு நல்ல நிலையில் போய்ச் சேர்ந்ததற்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள்.

ஜூன் 16

ஒரு சிறு சேர்க்கை. கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5,000ஆல் வகுத்து, அந்த எடைக்குக் கட்டணம் போடுவார்கள். 140, 45, 45 அளவுள்ள வீணைப் பெட்டி தராசில் 20 கிலோதான், கணக்கில் 56.7 கிலோ. கட்டணம் கூடுகிறதே என்று வருந்தியிருக்கிறேன். பத்து மடங்கு வரம்பும் அதே கட்டணத்தோடு சேர்ந்து உயர்கிறது என்பது பின்னர்தான் புரிந்தது.

ஜூலை 2

மே மாதத்தில் அனுப்பும் வீணைகளைப் பற்றி. தேன்மெழுகோடு கரித்தூளைக் கலந்து, அந்த மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) பதித்து நிறுத்துவதைப் பட்டறையில் மேளம் கட்டுதல் என்பார்கள். 2022 மே மாதம் நாக்பூருக்குப் போன வீணையில், பூட்டிய வண்டிக்குள் இருந்த வெப்பத்தில் மெழுகு இளகி, ஏழெட்டு மெட்டுகள் சாய்ந்துவிட்டன. விரிசல் இல்லை, கீறல் இல்லை. ஆனால் வாசிக்க முடியாத வீணை. காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. பொருளின் இயல்பிலேயே உள்ள குறையால் வரும் கேடு பாலிசியில் சேராது என்பது பதில்.

அன்று மிகவும் கோபப்பட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து யோசித்தால் அந்த விதியில் பொருள் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலேயே இந்த விலக்கு உண்டு; உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசிகளும் அந்த மரபில் எழுதப்படுபவைதாம். வாழைப்பழம் அழுகுவதையும் மெழுகு இளகுவதையும் விபத்து என்று சொல்ல முடியாது. அது நடக்கும் என்று நமக்கு முன்பே தெரியும். ஆனால் வண்டி பழுதாகி மூன்று நாள் வெயிலில் நின்றதால்தான் அது நடந்தது என்று அப்போது வாதாடினேன். தாமதத்தால் வரும் இழப்பும் விலக்குதான் என்று இரண்டாவது கடிதம் வந்தது. இப்போது ஏப்ரல் முதல் ஜூன் வரை வட ஊர்களுக்கு மேளம் கட்டாத வீணைதான் அனுப்புகிறோம். அந்த ஊரிலேயே கட்டித் தரக்கூடியவரை முதலில் கண்டுபிடித்துவிட்டு விற்கிறோம். இதனால் சில விற்பனைகள் கைவிட்டுப் போகின்றன.

ஜூலை 19

சின்னாளபட்டி நண்பருக்கு ஜூன் 8 அன்று போட்டுக் காட்டிய கணக்கில் பிழை இருக்கிறது. நான்கு சேலை என்று சொன்னபோது விற்பனை விலையை வைத்துக் கணக்கிட்டேன். தானே இழப்பைத் தாங்குபவருக்குப் போவது கொள்முதல் விலை. சேலை 600 ரூபாய்க்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுச் சேலை அனுப்ப இன்னொரு முறை 60 ரூபாய்க் கட்டணம். இதோடு நான் மறந்துவிட்ட ஒன்று: தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையை) ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். 600 ரூபாய்க்கு 5 சதவீதம் 30 ரூபாய். ஆக ஒரு சேலைக்கு 690 ரூபாய். 3,600 ரூபாய் கட்டுவதற்கு ஈடாக மாதம் ஐந்து சேலைக்கு மேல் தொலைய வேண்டும். முடிவு மாறவில்லை, இன்னும் வலுவாகிறது. ஆனால் காப்பீடு எடுப்பவர்கள் மதிப்பை அறிவிக்கும்போது இந்த 30 ரூபாயையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். இல்லையேல் கிடைக்கும் பணம் குறைந்து நிற்கும். என் கணக்காளர் சுட்டிக்காட்டும் வரை நான் இதைச் செய்யவில்லை.

ஜூலை 20

சாலையில் போகும்போது சரக்கு யாருடையது என்ற கேள்விக்கு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39ஆம் பிரிவு, போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் பொதுவாகக் கருதுகிறது. இதைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரிடம் வாதாடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. இணையத்தில் பொருளைப் பார்த்து, நம்பி முன்பணம் அனுப்பியவரிடம் ‘லாரியில் ஏறிய பிறகு அது உங்கள் வீணை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே பாலிசியை விற்பவர் பெயரில் எடுங்கள். பெற்றுக்கொள்ளாமல் திரும்பி வரும் பயணமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் முதல் பாலிசியில் அடங்கவில்லை.

செப்டம்பர் 4

அஞ்சலகம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. காப்பீடு செய்யாத ஸ்பீடு போஸ்ட் பார்சல் தொலைந்தால் கிடைப்பது, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும், விதிகளில் சொன்னது தவிர அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை என்றே கூறுகிறது. 2007ஆம் ஆண்டின் சாலைச் சட்டம் அரசுக்குப் பொருந்தாது என்பதால் பத்து மடங்கு என்ற பேச்சே இங்கு இல்லை. ஆனால் கவுண்ட்டரில் கேட்டால் 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு செய்து தருவார்கள். பொம்மைகளைப் பத்து, இருபது என்று கொலுவுக்கு மொத்தமாக அனுப்பும்போது நான் அதைத்தான் செய்கிறேன். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வதில்லை.

செப்டம்பர் 21

சின்னாளபட்டி நண்பரின் தனிச்செய்தி நேற்று வந்தது. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கோயம்புத்தூர்க் கடை ஒன்றுக்கு ஆகஸ்ட் 12 அன்று 60 சேலைகளை ஒரே மூட்டையாக அனுப்பியிருக்கிறார். மூட்டை போய்ச் சேரவில்லை. மதிப்பு 54,000 ரூபாய். கட்டணம் 520 ரூபாய். கட்டத்தில் ஓனர் ரிஸ்க். பத்து மடங்கு என்றால் 5,200 ரூபாய். நான் சொன்னதை நம்பித்தான் 2 சதவீதம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டி எழுதவில்லை. அது இன்னும் கடினமாக இருக்கிறது.

என் ஜூன் 8 பதில் தவறு. அவர் சேலையின் விலையைச் சொன்னார். ஒரு பெட்டிக்குள் எவ்வளவு போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். 200 வீடுகளுக்குத் தனித்தனியாகப் போகும் 200 சேலைகளின் இழப்பைத் தனிக் கணக்கில் போடும் ஐந்து ரூபாய்கள் தாங்கும். ஒரே மூட்டையில் 60 சேலைகள் போனால் அந்தக் கணக்கு ஒரே நாளில் காலியாகிவிடும். என் வரம்பு இனி இதுதான்: ஒரு பெட்டியின் மதிப்பு அந்தத் தனிக் கணக்கில் உள்ள தொகையில் பாதியைத் தாண்டினால், பொருள் எதுவானாலும் காப்பீடு. கோயம்புத்தூர் மூட்டைக்கு 1,080 ரூபாய் ஆகியிருக்கும்.

அவருக்கு 180 நாள் கெடு பிப்ரவரி 8 அன்று முடிகிறது. கடிதத்தை இந்த வாரமே அனுப்பச் சொல்லி, புனே வீணைக்காக நான் அனுப்பிய கடிதத்தின் நகலையும் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 22

பாலிசி இருப்பவர்களும் அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குப் பணம் கொடுத்த பிறகு, கூரியரிடமிருந்து அதை மீட்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010இல் இதை விரிவாக விளக்கியது. நாம் அறிவிப்புக் கொடுக்காமல் கெடுவைத் தவறவிட்டால் அவர்களுடைய உரிமை கெடுகிறது. அதைக் காட்டி நம் கோரிக்கையில் கைவைப்பார்கள்.

அக்டோபர் 17

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு. 800 டாலர் வரையிலான பொருட்களுக்கு இருந்த தீர்வை விலக்கை அந்நாடு ஆகஸ்ட் 29 முதல் நீக்கியதை ஒட்டி, ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தப்பட்ட அஞ்சல் பார்சல்கள் நேற்று முன்தினம் முதல் மீண்டும் ஏற்கப்படுகின்றன. இடையில் என்னிடம் தேங்கிய நவராத்திரி ஆர்டர்கள் பதினொன்று. எந்தப் பாலிசியும் இதற்கு உதவவில்லை. தாமதம் விலக்கு என்பதை மேலே நாக்பூர்க் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

விமானத்தில் போகும் சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான் விமான நிறுவனத்தின் பொறுப்பு. இன்றைய மதிப்பில் ஓர் எஸ்.டி.ஆர். ஏறத்தாழ 120 ரூபாய். பெட்டியோடு 20 கிலோ உள்ள வீணைக்கு 62,400 ரூபாய் என்று கணக்கு வருகிறது. தரையில், கிடங்கில் நடந்த சேதத்தை விமானத்தில் நடந்தது என்று நிறுவுவது அவ்வளவு எளிதல்ல. சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வீணை வாங்குபவர் விசேஷ நாளில்தான் பிரிக்க வேண்டும் என்று பெட்டியை அப்படியே பூஜை அறையில் வைத்துவிடுவதுண்டு. உடனே பிரித்துப் பாருங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 12

சின்னாளபட்டி நண்பருக்கு 5,200 ரூபாய் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர்க் கடைக்கு மீண்டும் 60 சேலைகளை மூன்று மூட்டைகளாக, மதிப்பு எழுதி, கேரியர் ரிஸ்க்கில் அனுப்பியிருக்கிறார். ரசீதின் படத்தை எனக்கு அனுப்பினார். மூன்றிலும் இரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. மூன்றாவது ரசீதில் மட்டும் மதிப்பு 18,000க்குப் பதிலாக 1,800 என்று இருந்ததைக் கண்டு உடனே அழைத்தேன். வண்டி புறப்படுவதற்குள் திருத்தி வாங்கிவிட்டார்.